டிராக்கன்ஸ்பெர்க் மலையில் ஒரு வார இறுதி: அவளுக்குத் தெரியாமல் திட்டமிட்டுத் திருமணம் கேட்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரம் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம், ஞாயிறு மாலை வீட்டில் இருக்கலாம். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பையன்கள் ‘எங்கே வைத்துக் கேட்பது’ என்று யோசிக்கும்போது கடற்கரைக்கு அடுத்தபடியாக இந்த மலைதான் நினைவுக்கு வரும். கடற்கரையைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. உம்லங்கா நடைபாதையில் மண்டியிட்டால், உங்கள் பெரியம்மா மகளின் சிநேகிதி ஒருத்தியாவது அந்த நேரம் பார்த்து அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சரியம் அவளுக்கு மட்டும்தான். அவள் அம்மாவுக்கு இருக்கக் கூடாது. நம் குடும்பங்களில் இந்தக் காரியம் மலைமேல் கெடுவது அபூர்வம். இறங்கி வந்த பிறகு, யாருக்கு முதலில் சொன்னார்கள், யார் வாட்ஸ்அப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்பதில்தான் மனக்கசப்பு தொடங்கும். அதனால் மலை, மோதிரம் ஆகியவற்றுக்குச் சமமாக வீட்டு விவகாரத்துக்கும் இங்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

எழுத எளிதாக இருக்கட்டும் என்று பையன் கேட்பதாகவும் பெண் பதில் சொல்வதாகவும் எழுதுகிறேன். மாற்றி வைத்தும் படிக்கலாம், ஒன்றும் குறையாது.

கேட்பதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

திருமணம் என்ற பேச்சே இதுவரை எடுக்காமல் நேரே மோதிரம் வாங்கப் போகாதீர்கள். கேட்கப்போகும் நாளும் இடமும் அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம்; பதில் என்னவாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் ஒரு உணவகத்தில் கேட்டு அவள் தயங்கினால் ஆளுக்கொரு காரில் வீட்டுக்குப் போய்விடலாம். மலையில் சனிக்கிழமை காலை கேட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டால், ஒரே அறையில் ஞாயிறு வரை இருந்து, ஒரே காரில் மூன்று மணி நேரம் திரும்பி வர வேண்டும்.

பேசியிருக்க வேண்டியவை பெரிய ரகசியங்கள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் அம்மா அப்பாவோடு இருப்பதா, தனிக் குடித்தனமா? வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் போவதா, வெளிநாட்டுக்குக் குடிபெயரும் எண்ணம் யாருக்காவது உண்டா? ஒரு வீடு கோவில், மறு வீடு சர்ச் என்றால் சடங்கு எந்த முறையில்? டர்பன் தமிழர்களில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பதால் இந்தக் கடைசிக் கேள்வியை மழுப்ப வேண்டாம். இவற்றில் அவளுடைய பதில் என்னவென்று உங்களால் சொல்ல முடிந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். ‘கல்யாணம் உண்டு, ஆனால் படிப்பு முடியட்டும்’ என்று அவள் சொல்லியிருந்தால், படிப்பு முடியட்டும்.

வீட்டில் யாரிடம், எப்போது சொல்வது

அவள் பெற்றோரிடம் போய் அனுமதி கேட்க வேண்டுமா என்று பல பையன்களுக்குக் குழப்பம். சில பெண்களுக்கு அது பிடிக்கும். சிலருக்கு, தன்னைக் கேட்பதற்கு முன் அப்பாவைக் கேட்டான் என்றாலே கோபம் வரும். அனுமதி கேட்பதை விட்டுவிட்டுச் செய்தியாகச் சொல்லுங்கள். அவள் வீட்டில் இல்லாத ஒரு மாலை போய், “அங்கிள், ஆன்ட்டி, இந்த வாரக் கடைசியில் அவளிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். உங்களிடம் முதலில் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை” என்றால் போதும். அவளுடைய முடிவு அவள் கையிலேயே இருக்கிறது, பெரியவர்களுக்கும் மரியாதை செய்தாயிற்று.

எப்போது போவது என்பதுதான் சூட்சுமம். ஒரு மாதத்துக்கு முன்னே சொன்னால் அந்த ரகசியம் நிற்காது. ஆன்ட்டி தன் அக்காவிடம் ‘யாரிடமும் சொல்லாதே’ என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். செவ்வாய் அல்லது புதன் போங்கள், வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவீர்கள். இரண்டு மூன்று நாள் யாராலும் தாக்குப்பிடிக்க முடியும். உங்கள் பெற்றோரிடமும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். சம்பந்தி வீட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று பிற்பாடு உங்கள் அம்மா கேள்விப்பட்டால், கல்யாண மண்டபம் வரைக்கும் அந்தப் பேச்சு வரும்.

அப்புறம், நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம்: கல்யாணம் ஆகாத இருவர் வெளியூரில் இரவு தங்குவது. சில குடும்பங்கள் கண்டுகொள்வதில்லை, சில குடும்பங்கள் கண்டிப்பாகக் கண்டுகொள்ளும். உங்களுக்கு வாய்த்தது இரண்டாம் வகை என்றால், அவள் அக்காவும் அத்தானும், அல்லது உங்கள் தங்கையும் ஒரு சிநேகிதியும் கூட வரட்டும். இரண்டு படுக்கையறை உள்ள குடில் எடுத்துக்கொள்ளலாம். கூட ஆள் இருந்தால் கெட்டுப்போகும் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை காலை அவர்கள் கொஞ்சம் தாமதமாக எழுந்தால் போதும். அதோடு, புதன்கிழமையே அங்கிளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டதால் அந்தப் பயணத்துக்கே அவர் முகம் சற்று மலர்ந்திருக்கும்.

கூட்டாளியாக ஒரே ஒருவர் போதும். அவளுடைய அக்கா அல்லது நெருங்கிய தோழி. மோதிர அளவு, நகப்பூச்சு, பெட்டியில் என்ன உடை வைக்கிறாள் என்பதெல்லாம் இந்த ஒருவர் வழியாகவே நடக்கட்டும். நகப்பூச்சைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோதிரக் கையைப் படம் எடுக்காமல் யாரும் விடப்போவதில்லை, உரிந்த நகத்தோடு அந்தப் படம் நாற்பது வருடம் ஆல்பத்தில் இருக்கும். “வா, நான் போடப் போறேன், நீயும் போட்டுக்கோ” என்று அக்கா வியாழக்கிழமை அழைத்துப் போனால் சந்தேகமே வராது.

நாள் பார்ப்பது

இதற்கு முகூர்த்தம் தேவையில்லை. இருந்தாலும் ‘எந்த நாளில் கேட்டான்’ என்று பெரியவர்கள் ஒருவராவது விசாரிப்பார்கள், ஆகவே பஞ்சாங்கத்தையும் மலையின் வானிலையையும் சேர்த்தே பாருங்கள்.

புரட்டாசியில் வேண்டாம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை நம்மவர்களில் பாதிப்பேர் வீட்டில் சைவம். பிரை (வெளியே தீ மூட்டிக் கறி சுடுவது) போட்டுக் கொண்டாடலாம் என்று நீங்கள் கறி வாங்கி வைத்திருக்க, அவள் விரதத்தில் இருப்பாள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்கள். கல்யாணப் பேச்சை அப்போது எடுக்க மாட்டார்கள். மார்கழியும் அப்படித்தான், போதாததற்கு அது கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம். ஈஸ்டர் வார இறுதி நீண்ட விடுமுறையாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு இரு வீட்டாரும் போக, நீங்கள் இரண்டு பேர் மட்டும் காணாமல் போனால் அங்கேயே விஷயம் வெளியாகிவிடும். தைப்பூசத்துக்கு யாராவது காவடி எடுக்கிறார்கள் என்றால் அந்த விரத நாட்களையும் தள்ளிவிடுங்கள்.

மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பகலில் வெயில் ஏறி, மதியத்துக்கு மேல் இடியும் மழையும் பெரும்பாலான நாட்களில் வரும். அந்த மின்னல் நேரத்தில் திறந்த மேட்டில் நிற்கவே கூடாது. ஜூன், ஜூலையில் வானம் கண்ணாடி போல் இருக்கும், ஆனால் காலைக் குளிர் எலும்பைத் தொடும். புல் காய்ந்து, தீத்தடுப்புக்காக எரித்த கறுப்புப் பட்டைகள் சரிவெங்கும் தெரியும். பனியும் விழலாம். 2024 செப்டம்பரில் பெய்த பனியில் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் வண்டிகள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டன.

என்னைக் கேட்டால், ஈஸ்டர் முடிந்த பிறகு மே கடைசி வரை. மழை விட்டிருக்கும், புல் பொன்னிறமாகத் தொடங்கியிருக்கும், காலையில் ஒரு ஜாக்கெட் போதும். அது தவறினால் புரட்டாசி முடிந்து, மழை பிடிக்கும் முன் உள்ள சில வாரங்கள்.

எந்தப் பள்ளத்தாக்கு, எந்த நேரம்

படங்களில் எல்லாரும் சூரியன் மறையும் நேரத்தில்தான் மண்டியிடுகிறார்கள். டிராக்கன்ஸ்பெர்க்கில் அது நடக்காது. நம் குவாசூலு-நாட்டால் மாகாணப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலைச்சுவர் மேற்கே நிற்கிறது. மாலையில் சூரியன் அந்தச் சுவருக்குப் பின்னால் போய்விடும். பள்ளத்தாக்கில் சீக்கிரமே நிழல் விழுந்து, பாறை கறுத்துத் தெரியும். காலையில் கிழக்கிலிருந்து வெளிச்சம் நேரே பாறை முகத்தில் விழும்போது மலை முழுக்கச் சிவந்து நிற்கும். கோடையில் மழையும் மதியத்துக்கு மேல்தான் வரும் என்பதால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் காலை நேரமே சரி. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும், ஜூன் கடைசியில் ஏழு மணி நெருங்கும்.

ராயல் நாட்டால் தேசியப் பூங்கா என் முதல் தேர்வு. அங்கே ஆம்பிதியேட்டர் என்ற பாறைச்சுவர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கிறது. அதன் மேலிருந்துதான் 948 மீட்டர் டுகேலா அருவி பல படிகளாக இறங்குகிறது. எசெம்வேலோ வனத்துறையின் தெண்டேலே குடில்களின் வாசலில் நின்றாலே அந்தச் சுவர் முழுதும் எதிரே தெரியும். அதாவது, நடக்கவே வேண்டாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கையில் டீக் கோப்பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கலாம். மலை ஏறப் பிடிக்காத பெண் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. நடக்கப் பிடித்தவள் என்றால் டுகேலா பள்ளத்தாக்கு வழி இருக்கிறது. போய்வர 14 கிலோமீட்டர். முழுத் தூரமும் போய்த்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆளில்லாத, சுவர் நன்றாகத் தெரியும் வளைவுகள் வரும். களைத்து, வியர்த்து, காலில் கொப்புளத்தோடு நிற்பவளிடம் வாழ்நாள் கேள்வியைக் கேட்பானேன்?

விண்டர்டன் ஊரிலிருந்து ஆர்600 சாலை மங்க்ஸ் கவுல் வனப்பகுதியின் வாயிலில் முடியும். அந்தப் பக்கம் தங்கும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் அதிகம், ஸ்டெர்க்ஸ்ப்ரூட் அருவிக்குக் குறுகிய நடை. சமையல் செய்து மாளாது என்பவர்களுக்கு இது. கதீட்ரல் பீக் பக்கத்தில் ரெயின்போ பள்ளத்தாக்கு நிழலான காட்டு வழி, வெயில் காலத்துக்கு ஏற்றது. ஆனால் ஓடைக்கல்லில் கால் வைத்துத் தாண்ட வேண்டிய இடங்கள் உண்டு. மோதிரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஓடையை விட்டு விலகி நில்லுங்கள்.

சானி பாஸ் என்ற மலைக்கணவாய்ச் சாலை பற்றிச் சிலர் கேட்பார்கள். 2,870 மீட்டருக்கு மேல் உள்ள உச்சி, ஆப்பிரிக்காவிலேயே உயரத்தில் உள்ளதாகச் சொல்லிக்கொள்ளும் மதுக்கூடம், எல்லாம் சரிதான். ஆனால் உச்சி லெசோத்தோ நாட்டில் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்து வரச் சொன்னாலே அவளுக்கு மூக்கில் வியர்க்கும், காலாவதியாகி இருந்தால் பயணமே போச்சு. நான்கு சக்கர இயக்க வண்டியும் வேண்டும். ஆம்பிதியேட்டரின் உச்சிக்குச் சங்கிலி ஏணி வழியாக ஏறிக் கேட்கிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்: பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவளிடம் கேட்க வேண்டாம்.

எந்த வழியில் நடந்தாலும் வாயிலில் உள்ள மலைப் பதிவேட்டில் பெயரும் போகும் வழியும் எழுதிவிட்டுப் போங்கள்.

மோதிரம்

இங்கே மோதிர அளவு ஆங்கில எழுத்தில் சொல்வார்கள். அவள் இடது கை மோதிர விரலில் போடும் ஒரு மோதிரத்தை அக்கா மூலம் ஒரு மணி நேரம் கடன் வாங்கி நகைக்கடையில் காட்டினால் முடிந்தது. கிடைக்காவிட்டால் சற்றே பெரிதாகச் செய்யுங்கள். குளிரில் சுருங்கிய விரலில் கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை, மூட்டைத் தாண்டாமல் நின்றால்தான் சங்கடம்.

கல் வைத்த மோதிரத்துக்கு 18 காரட் சரி. 9 காரட்டும் இங்கே தாராளமாகக் கிடைக்கும், விலை குறைவு. ஆனால் நம் ஆயாக்கள் (பாட்டிகள்) கண்ணால் பார்த்தே தரம் சொல்வார்கள். 22 காரட் மென்மையானது, வைரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் தேய்ந்துவிடும். ஆயாவின் பழைய மோதிரம் உங்களிடம் இருந்தால் அதையே புதுப்பித்துக் கொடுப்பதை எந்தக் கடை மோதிரமும் மிஞ்சாது. இன்னும் எல்லாரும் கிரே தெரு என்றே சொல்லும் டாக்டர் யூசுஃப் டாடூ தெருப் பக்கமோ சாட்ஸ்வொர்த்திலோ, குடும்பத்துக்குப் பழகிய பொற்கொல்லரிடம் கொடுங்கள். யாராவது பட்டை தீட்டாத வைரம் மலிவாக இருக்கிறது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

முன்பதிவும் சின்னப் பொய்களும்

நீண்ட வார இறுதிகளுக்குக் குடில்கள் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். சாதாரண வார இறுதி கிடைப்பதும் எளிது, மலையும் அமைதியாக இருக்கும். உறுதிச்சீட்டு உங்கள் தனி மின்னஞ்சலுக்கு வரட்டும். நகைக்கடையில் கார்டு தேய்த்த குறுஞ்செய்தி, அவள் உங்கள் போனில் பாட்டு மாற்றும்போது வந்து விழக் கூடாது. வாயில் எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்தையே மறைக்க வேண்டாம், அது அவசியமில்லாத சிரமம். “வேலை அலுத்துப்போச்சு, இரண்டு நாள் மலைக்குப் போய் வரலாம்” என்பது பொய்கூட இல்லை. கனத்த ஜாக்கெட், நல்ல காலணி, படம் எடுக்க ஒரு நல்ல உடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதை அக்கா பார்த்துக்கொள்வாள்.

விமானத்தில் போகாததால் சோதனையில் மோதிரப் பெட்டி மாட்டும் தொல்லை இல்லை. ஆனாலும் பெட்டியைச் சாப்பாட்டுப் பையில் ஒளிக்காதீர்கள். வழியில் ரொட்டி எடுக்க அவள்தான் அந்தப் பையைத் திறப்பாள். குடிலிலும் அப்படியே: சன்னல் திறந்திருந்தால் பபூன் குரங்குகள் உள்ளே வந்து பையோடு தூக்கிப் போகும். உள்பக்கம் ஜிப் உள்ள ஜாக்கெட் பாக்கெட்தான் பத்திரம்.

என்3 சாலையில் மரியன்ஹில், மூய் ரிவர் இரண்டு இடத்தில் சுங்கம். லாரிகள் மிகுதி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் மூடுபனி உண்டு, சாலை விரிவாக்க வேலையும் நடக்கிறது. அவசரப்படாமல் போக நேரம் விட்டுக் கிளம்புங்கள். கால் நீட்ட ஹோவிக் பக்கம், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடத்தில் நிறுத்தலாம். தூரத்தில் வெறும் கம்பங்களாகத் தெரிவது ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நின்றால் அவர் முகமாகக் கூடும். வெள்ளி இரவே கேட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கும். பயணக் களைப்போடு வேண்டாம், தூங்குங்கள்.

சனிக்கிழமை காலை

விடிவதற்கு அரை மணி முன் எழுந்து பிளாஸ்க்கில் டீ போடுங்கள். வானம் மூடியிருந்தால் கலங்க வேண்டாம். ஞாயிறு காலை என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. இரண்டு இரவு தங்குவதே அதற்குத்தான்.

மனப்பாடம் செய்த வசனம் உடைந்துபோகும். மூன்று விஷயங்களை நினைவில் வைத்தால் போதும்: அவளிடம் உங்களுக்குப் பிடித்த, அவளுக்கே தெரியாத ஒன்று, இருவரும் சேர்ந்து கடந்த ஒரு கஷ்டம், அப்புறம் கேள்வி. நீங்கள் வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் கேளுங்கள். மண்டியிடுவது உங்கள் விருப்பம். பாறையில் முட்டி வலிக்கும், புல் பார்த்து உட்காருங்கள்.

படம் வேண்டும் என்றால் போனைக் கல்மேல் சாய்த்து, ‘விடியலை வீடியோ எடுக்கிறேன்’ என்று ஓடவிடலாம். மறைந்திருந்து எடுக்க ஆள் வைப்பதை நான் விரும்பமாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் புதரிலிருந்து எழுந்து வருவது தனி மலையில் பயத்தைத்தான் தரும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட வனத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

அவள் அழலாம், சிரிக்கலாம், “லூசா நீ?” என்று கேட்கலாம். ஒருவேளை “கொஞ்சம் யோசிக்கட்டுமா” என்றால், மோதிரத்தைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு டீயை ஊற்றுங்கள். அன்று அதைப் பற்றி மறுபடி பேசாதீர்கள், அவளே எடுக்கட்டும். உங்கள் பெற்றோருக்கு “இன்னும் கேட்கவில்லை” என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், அவள் மானமும் காப்பாற்றப்படும்.

யாருக்கு முதல் போன்

சரி என்றுவிட்டாளா? உடனே போனை எடுக்காதீர்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னலும் இருக்காது, நல்லதாகப் போயிற்று. ஒரு மணி நேரம் உங்கள் இருவருக்கும் மட்டும்.

பிறகு சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து, அவள் அம்மா அப்பாவுக்கு அவளே பேசட்டும். அடுத்து உங்கள் வீடு. மூன்றாவதாக, இதுவரை எதுவும் தெரியாத ஆயா, தாத்தா. இவர்களுக்குக் குறுஞ்செய்தி கூடாது, குரல் கேட்க வேண்டும். அப்புறம் உடன்பிறந்தவர்கள். இந்த நான்கும் முடிவதற்குள் குடும்பக் குழுவிலோ ஸ்டேட்டஸிலோ ஒரு படமும் போகக் கூடாது, அக்காவிடமும் அதைச் சொல்லி வையுங்கள். பெரியப்பா, மாமா, அத்தைமார்களை உங்கள் பெற்றோரே கூப்பிடட்டும். சொல்லும் பெருமை அவர்களுக்கும் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது நேரே அவள் வீட்டுக்குப் போங்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், இனிப்பு வைத்த தட்டை உங்கள் அம்மா தயாராக வைத்திருந்து அங்கே வந்துவிடட்டும். காரில் இரண்டு நாள் கிடந்த வெற்றிலையை யாரும் தொடமாட்டார்கள். நிச்சயதார்த்தத் தேதியை அன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை, டீ குடித்துவிட்டு எழுந்தால் போதும்.

திங்கட்கிழமையிலிருந்து

மோதிரம் தளர்ந்திருந்தால் அளவு மாற்றக் கொடுங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டில் அதைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்தால்தான் வெளியே தொலைந்தாலும் பணம் வரும்.

கோவிலில் தாலி கட்டினால் மட்டும் இந்த நாட்டுச் சட்டத்தில் திருமணம் ஆகிவிடாது. நடத்திவைக்கும் குருக்கள் திருமண அதிகாரியாக நியமனம் பெற்றவரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உள்துறை அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். இது நமக்குப் பழைய காயம். 1913இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு நம் சடங்குத் திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. அந்தக் கோபத்தில்தான் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனார்கள். சிறையில் நோயுற்று வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது வயது 16. அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம்தான் அதற்குப் பரிகாரம் செய்தது.

சொத்து விஷயத்தையும் இந்த வாரமே பேசிவிடுங்கள். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் பதிவுத் திருமணம் செய்தால் இருவர் சொத்தும் இருவர் கடனும் பொதுவாகிவிடும்; ஒருவர் தொழிலில் நொடித்தால் மற்றவர் வீடும் போகும். அது வேண்டாம் என்றால் திருமணத்துக்கு முன் நோட்டரியிடம் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். நலங்கு வைக்கும் வாரத்தில் வழக்கறிஞரைத் தேடி ஓடாமல், மண்டபம் பார்க்கும்போதே அவருக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.